அறுப்புப் பண்டிகையில் அம்மா சொன்ன சாட்சி

அண்ணன் வெளிநாட்டுக்காரியைக் கட்டிக்கொண்டு வருகிறான் என்ற செய்தி எங்களுக்கு முன்னாலேயே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தந்தி கொண்டுவந்தவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். அவர்கள் ரயிலை விட்டு இறங்கிய அன்று சங்கரன்கோவில் ஸ்டேஷனில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் நின்றார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது ஒரு வெள்ளைக்காரியை. இறங்கியவள் கிட்டத்தட்ட என் நிறம். சுருள் முடியும் அகன்ற நெற்றியும்தான் வேறு. “நம்ம புள்ள மாதிரில்லா இருக்கா,” என்று பக்கத்து வீட்டு அக்கா ஏமாற்றத்தோடு சொன்னாள். இதற்காகவா வேலையைப் போட்டுவிட்டு வந்தோம் என்பதுபோல் சிலர் அப்போதே திரும்பிப் போனார்கள்.

அவள் எத்தியோப்பியாக்காரி. எழுபதுகளில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வாத்தியார்கள் பலர் அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு வேலைக்குப் போனார்கள். என் அண்ணனும் கணக்கு வாத்தியாராகப் போனான். அவன் பள்ளிக்கூட ஆபீசில் அவள் டைப்பிஸ்ட். தாய் தகப்பன் இல்லை, ஒரே ஒரு தம்பி; அவனுக்கும் அதே பள்ளிக்கூடத்தில்தான் வேலை. அண்ணன் போன கொஞ்ச காலத்தில் அங்கே ராஜாவை இறக்கிவிட்டு ராணுவம் வந்தது. வேலைக்குப் போகும் வழியில் ரோட்டில் கிடந்த பிணங்களைச் சுற்றிக்கொண்டு நடந்ததாக அவன் பிற்பாடு சொன்னான். அந்த நாட்களில் மாதக்கணக்கில் அவனிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

அப்போதுதான் அம்மா பொருத்தனை செய்தாள். அம்மா ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா இறந்த பிறகு எங்கள் இரண்டு பேரையும் அந்தச் சம்பளத்தில் ஆளாக்கியவள். மகன் உயிரோடு திரும்பி வந்து, பெண்டாட்டியோடு இந்த ஊரில் குடித்தனம் பண்ணுவதைப் பார்த்தால் அறுப்புப் பண்டிகைக்கு ஒரு கிடாய் கொடுப்பதாகவும், சபை முன்னால் நின்று சாட்சி சொல்வதாகவும் ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் பொருத்தனை என்றால் பொருளைக் கொண்டுபோய் வைத்தால் மட்டும் போதாது. எதற்காகக் கொடுக்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கொடுத்த கணக்கில் சேராது.

அவர்கள் வந்து சேர்ந்த அன்று மத்தியானம், சாப்பிட்ட கையோடு அண்ணன் வாசல் கதவைச் சாத்தினான். எங்கள் வீட்டில் பகலில் கதவைச் சாத்தினால் தெருவில் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அம்மா திடுக்கிட்டுப் போனாள். அவன் எங்களை உட்காரவைத்து மெதுவாகச் சொன்னான்.

அங்கே நினைத்தபடி யாரும் நாட்டை விட்டுக் கிளம்ப முடியாது. மாமியார் வீட்டைப் பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லி அவள் அனுமதி வாங்கியிருந்தாள். அவள் திரும்புவாள் என்று ஜாமீன் நின்றவன் அவள் தம்பி. அவள் திரும்பாவிட்டால் அவனைப் பிடித்து உள்ளே போடுவார்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வந்ததில்லை. அதனால் தம்பி அந்த ஆறு மாதத்துக்குள் எல்லை தாண்டித் தப்பிவிட வேண்டும். அவன் தப்பினான் என்று தெரிந்த பிறகுதான் அவளை இங்கேயே வைத்துக்கொள்ள அரசாங்கத்திடம் மனுப் போடலாம். அதுவரைக்கும் அவள் வீட்டுக்கு வந்த விருந்தாளி.

“யார் கேட்டாலும் பாத்துட்டுப் போக வந்திருக்கான்னு சொல்லுங்க,” என்றான் அண்ணன். “போலீஸ் கேட்டாலும் அதான். கோயில்ல கேட்டாலும் அதான்.”

“கட்டுன பொண்டாட்டிய விருந்தாளின்னு சொல்லச் சொல்லுத,” என்றாள் அம்மா.

“அவ தம்பி உசுரும்மா.”

“சரி. சொல்லுதேன்.”

சொல்லத்தான் செய்தாள். ஆனால் அம்மாவுக்குப் பொய் வராது. அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நாற்பது வருடம் சின்னப் பிள்ளைகளிடம் உண்மையைப் பேசு, உண்மையைப் பேசு என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வேறு மாதிரிப் பேசுவதற்கே நாக்கு வளையாமல் போயிருந்தது. யாராவது கேட்டால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள்.

நாங்கள் பயந்ததெல்லாம் போலீசுக்குத்தான். அண்ணன் அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தான். அதன்பிறகு உள்ளூர் ஏட்டையா ஒருவர் அவ்வப்போது சைக்கிளில் வந்து அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போவார். “எப்பம்மா ஊருக்குக் கிளம்புதாங்க?” என்று ஒருமுறை கேட்டார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். “அது... போவா,” என்றாள். ஏட்டையா காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, “சரி, நான் கேட்டேன், நீங்க சொல்லிட்டீங்க,” என்று எழுந்து போனார். அவர் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஊர் அப்படி விடவில்லை. கூட்டிக்கொண்டு வந்த மருமகளை ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள், என்ன குறை கண்டீர்கள் என்று முதலில் கேட்டார்கள். பிறகு, முறைப்படி கல்யாணம் நடந்ததா என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் அவள் வந்து உட்கார்ந்தால் பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா, ரொம்ப அக்கறையாக, “வச்சிருக்கான்னு பேசுதாங்க யக்கா, எனக்கே கேக்கச் சகிக்கல,” என்று அம்மாவிடம் சொன்னாள். கேட்கச் சகிக்காததை வீடு தேடி வந்து சொல்வதற்கு மட்டும் நம் ஜனங்களுக்குக் காலில் பலம் உண்டு.

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மதினிக்கு இந்தப் பேச்செல்லாம் தெரியாது. அவளும் நானும் இங்கிலீஷில் பேசிக்கொள்வோம். என் இங்கிலீஷ் பள்ளிக்கூட இங்கிலீஷ். அவளுடையதும் அதேதான், அதனால் நன்றாகப் புரிந்தது. அண்ணனுக்குப் புளியங்குடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எலுமிச்சம்பழம் வாங்கி வருவான். அவள் எதை எடுத்தாலும் அதைப் பிழிந்துதான் சாப்பிடுவாள், ரசத்தில்கூட. அம்மா ‘அய்யோ’ என்று தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். தமிழில் அவள் முதலில் கற்றுக்கொண்ட சொல் ‘போதும்’. அம்மா பரிமாறினால் அந்தச் சொல் இல்லாமல் தப்பிக்க முடியாது. சாயங்காலமானால் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு அவள் ஊர்ச் செய்தி வருகிறதா என்று திருகிக்கொண்டே இருப்பாள். தம்பியைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். நான் ஒருமுறை கேட்டபோது, “நான் கிளம்பும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்க்காதே என்றான், நான் பார்க்கவில்லை,” என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. கூடப் பிறந்தவள் இல்லாத குறை அந்த மாதங்களில் எனக்குத் தீர்ந்தது.

அறுப்புப் பண்டிகை வந்தது. எங்கள் கோயில் சின்னது, ஆனால் பண்டிகைக்கு மட்டும் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஜனம் வந்துவிடும். சோளக் கதிர், பூசணிக்காய், கோழி, முட்டை, மல்லிகைப்பூப் பந்து என்று கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் பந்தலுக்குக் கீழே எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஒரு முட்டையைக்கூட மூன்று பேர் போட்டி போட்டுக் கேட்பார்கள். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும்.

அம்மா கிடாய் வாங்கிவிட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும். கிடாய் கொடுக்கட்டும், மகன் வந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லட்டும், அதில் என்ன என்று அண்ணன் நினைத்தான். அம்மா கிடாயின் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் நடந்து வந்தாள். அவளுக்கு முன்னால் மைக்கை நீட்டினார்கள். அம்மாவுக்கு மைக் தேவையே இல்லை. ஒன்றாம் வகுப்பை அடக்கிய தொண்டை அது.

“என் மவன உசுரோட தந்தா கிடா தாரேன்னு பொருத்தன பண்ணியிருந்தேன். தந்துட்டாரு. ஸ்தோத்திரம். என் மருமவள விருந்தாளின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது பொய். ஆண்டவர் சந்நிதில நின்னுக்கிட்டுச் சொல்லுதேன், அவ முறையாக் கட்டுன பொண்டாட்டி. விருந்துக்கு வரல. திரும்பிப் போக மாட்டா. இனி இங்கனதான் இருப்பா, நம்ம சபைப் பிள்ளையா இருப்பா. அவ தம்பியும் அங்கயிருந்து தப்பிச்சு சீக்கிரம் வந்துருவான். எல்லாரும் அவனுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க.”

ஜனம் ‘ஆமென்’ என்றது. கைதட்டினார்கள். அதுவரைக்கும் தள்ளி உட்கார்ந்த பெண்கள் எழுந்துவந்து மதினியைக் கட்டிக்கொண்டார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் மாமியாரை ஊரே பாராட்டுகிறது என்று அவளும் சிரித்துக்கொண்டே கைதட்டினாள். நான் அண்ணனைத் தேடினேன். அவன் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிடாயை ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கத்தினான். அவன் அம்மாவை எதிர்த்துக் கத்தி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“ஒரு உசுரு விசயம்னு சொன்னேன்லம்மா! சொன்னேனா இல்லையா?”

“ஏலே, ஆண்டவருக்குக் கொடுக்கதுல பொய்யக் கலக்கச் சொல்லுதியா? அப்படிக் கொடுத்தா அந்தப் பயல யார் காப்பாத்துவா?” அம்மாவும் அழுதாள். “சங்கரன்கோவில்ல சொன்னது அங்க எப்படிக் கேக்கும்? சொல்லு, எப்படிக் கேக்கும்?”

எப்படிக் கேட்கும் என்று நாங்களும் யோசித்துப் பார்த்தோம். கடல் தாண்டி, கண்டம் தாண்டி இருக்கிற இடம். கோபம் தணிந்ததும் அண்ணனும் அதையே சொல்லித் தேற்றிக்கொண்டான். அம்மா சொன்னதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இரண்டு மாதம் கழித்துச் சபை மாதப் பத்திரிகை வந்தது. அதில் ஊர் ஊராகப் பண்டிகைச் செய்திகள் போடுவார்கள். எங்கள் ஊர்ச் செய்தியில் அம்மாவின் சாட்சியை ஒரு சொல் விடாமல் போட்டிருந்தார்கள், தம்பி தப்பி வரப்போவது உட்பட. அதை எழுதி அனுப்பிய எங்கள் கோயில் உபதேசியார் மிக நல்ல மனிதர். அம்மா அந்தப் பக்கத்தை இரண்டுமுறை வாசித்துவிட்டு வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பத்திரிகை வேறு எங்கெல்லாம் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

‘எப்படிக் கேக்கும்’ என்று அம்மா கேட்டதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தது. அண்ணனோடு அங்கே வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் லீவில் ஊருக்கு வந்திருந்தார். பாளையங்கோட்டைக்காரர். எங்களைப் பார்க்க அல்வாப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார். அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உங்க சாட்சிய நாங்க அங்க ஜெபக் கூட்டத்துல வாசிச்சோம்,” என்றார் உற்சாகமாக. “நம்ம ஆளுக முப்பது பேரு இருக்கோம்லா, எல்லாருக்கும் பத்திரிகை வருது. அம்புட்டு பேரும் கைதட்டினோம். மறுநாள் ஸ்டாப் ரூம்ல அவ தம்பியப் பாத்து நானே கையக் குடுத்து வாழ்த்துச் சொன்னேன். ‘ஒங்க அக்கா அங்கேயே தங்கிட்டாங்களாமே, நீங்களும் போறீங்களாமே’ன்னு.”

அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். “ஸ்டாப் ரூம்லயா?”

அவருடைய முகம் அப்போதுதான் மாறியது. அடுத்ததை அவர் அல்வாப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த வாரமே தம்பியை, ராணுவ அரசாங்கம் பேட்டைக்குப் பேட்டை வைத்திருந்த கமிட்டி ஆபீசுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய்விட்டு வந்திருக்கிறான். மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதன்பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அறைக் கதவு திறந்து கிடந்ததாம், சாமான் எல்லாம் கலைந்து கிடந்ததாம். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்த நாட்டில் அப்படி ஒருவன் காணாமல் போனால் எங்கே போனான் என்று கேட்க வேண்டியதில்லை.

அவள் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். பேச்சு தமிழில்தான் நடந்தது. ஆனால் தம்பியின் பெயர் எந்தப் பாஷையிலும் ஒன்றுதானே. அண்ணனைப் பார்த்து, “முழுவதும் சொல்,” என்றாள். அவன் பண்டிகையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். அவள் அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆறு மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. தவணைக்குள் போய் நின்றால் தம்பியை விட்டுவிடுவார்கள் என்றாள். விடுவார்கள் என்று என்ன நிச்சயம் என்று அண்ணன் கேட்டான். தானும் கூட வருகிறேன் என்றான். அவனுக்கு அங்கே இனி அனுமதி கிடையாது, வேலை ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அது இருவருக்கும் தெரியும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போகாதே என்று கெஞ்சினேன்.

“உன் அண்ணனுக்காக ஆடு கொடுக்க ஓர் அம்மா இருந்தாள்,” என்றாள் என்னிடம். “என் தம்பிக்கு நான் மட்டும்தான் இருக்கிறேன்.”

மதுரைக்குப் போய் அங்கிருந்து ரயிலில் பம்பாய் போவதாக ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டில் அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஏட்டி, என்னய மன்னிச்சிரச் சொல்லுட்டி. இங்கிலீசுல சொல்லு,” என்று என்னைப் பார்த்து அழுதாள். நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் குனிந்து அம்மாவின் நெற்றியைத் தன் நெற்றியால் தொட்டு, “போதும், அம்மா,” என்றாள். பஸ் கிளம்பியது. அண்ணன் பம்பாய் வரை போய் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான்.

பத்திரமாக இறங்கிவிட்டேன், நாளை கமிட்டி ஆபீசுக்குப் போகிறேன் என்று இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. அண்ணன் டில்லிக்கு எழுதினான், தூதரகத்துக்கு எழுதினான், அந்தப் பாளையங்கோட்டை வாத்தியார் மூலம் விசாரித்தான். பள்ளிக்கூடத்துக்கு அவள் வரவில்லை என்பதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை.

கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. தம்பியைக் கூட்டிவரப் போயிருக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னோம். அது பொய்யில்லை என்பதால் அம்மாவாலும் அதைச் சொல்ல முடிந்தது. சபையில் தவறாமல் அவர்களுக்காக ஜெபித்தார்கள். நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இதில் கெடுக்க நினைத்தவர்கள் ஒருவர்கூட இல்லை. கெட்டவன் ஒருவன் இருந்தால் அவனைத் திட்டியாவது ஆற்றிக்கொள்ளலாம். எனக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. அம்மாவோடு நான் அந்த வருடம் முழுவதும் சரியாகப் பேசவில்லை, அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வருடம் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்த ஒரு மத்தியானம் தெருவில் பெரிய சத்தம். எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா முன்னால் ஓடிவந்தாள். “யக்கா! ஒங்க மருமவ தம்பி வந்துட்டாரு யக்கா! ஆண்டவர் நம்ம ஜெபத்தக் கேட்டுட்டாரு!” பின்னாலேயே தெருவே ஒரு வாலிபனை நடுவில் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தது. ஒல்லியான உடம்பு, பெரிய சட்டை, தோளில் ஒரு பை. அந்த அகன்ற நெற்றியைப் பார்த்ததும் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவன் முகமெல்லாம் சிரிப்பு. தூத்துக்குடிக்கு உப்பு ஏற்ற வந்த கப்பலில் சமையல்கட்டு ஆளாக வந்திருக்கிறான். சாயங்காலத்துக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டுமாம். அக்கா சொல்லியிருந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறான். இத்தனையையும் வாசலில் நின்றே மூச்சுவிடாமல் இங்கிலீஷில் சொன்னான். தெருப் பெண்கள் அவனுக்குப் பின்னால் ரோட்டின் கடைசி வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மதினி எங்க? பின்னால வருதாங்களா?” என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்த்து, இரண்டு கையையும் மேலே தூக்கினாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும்தான் அந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்தது. அவன் அம்மாவைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் அக்கா எங்கே?” என்றான். “கூப்பிடுங்கள். நான் வருவது அவளுக்குத் தெரியாது.”

அண்ணன் புளியங்குடியில் இருந்தான். நான்தான் சொல்ல வேண்டும். உட்காரச் சொன்னேன், அவன் உட்காரவில்லை. “அவள் திரும்பிப் போய்விட்டாள்,” என்றேன். “உன்னை ஜெயிலிலிருந்து விடுவிக்கப் போனாள்.”

அவனுக்கு முதலில் புரியவில்லை. என் இங்கிலீஷில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான்.

“எந்த ஜெயில்?” என்றான். “இரண்டாவது தடவை கூப்பிட்டபோது நான் போகவில்லையே. அன்றைக்கே எல்லையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.”